அவர் நாக்கோடு பூசானில்

பூசானில் இறங்கிய அன்று மாலையே சாலையோர வண்டி ஒன்றில் ஓமுக் தின்றோம். மீனை அரைத்துப் பட்டையாகத் தட்டி, மடித்துக் குச்சியில் குத்தி, கொதிக்கும் சாற்றில் நிறுத்தி வைத்திருந்தார்கள். ஒரு கடி கடித்ததும் என் கண் நிறைந்துவிட்டது. எனக்குப் பிடித்ததா என்று தெரியாது. அவருக்குப் பிடித்திருந்தது. அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது.

என் கணவர் ஆவுடையப்பன் தூத்துக்குடித் துறைமுகத்தில் கன்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டியவர். கல்யாணத்துக்கு முன்னால் அவரைப் பயிற்சிக்காகக் கொரியாவில் உள்ள பூசானுக்கு அனுப்பினார்கள். சில மாதங்கள்தான். அதை வைத்து ஆயுள் முழுக்கப் பேசினார். "பூசான்ல ஒரு சூப்பு குடிச்சேன் பாரு இசக்கி..." என்று ஆரம்பித்தால் நான் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவேன். ஒருநாள் கூட்டிப்போகிறேன் என்பார். அந்த நாள் வருவதற்குள் அவருக்கு நோய் வந்துவிட்டது.

அவர் படுத்திருந்த மாதங்களில்தான் அந்தத் தகட்டைப் பற்றிக் கேள்விப்பட்டோம். பல்செட் மாதிரி மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் மெல்லிய தகடு. அதற்காக அவர் நாக்கில் சொட்டுச் சொட்டாக உப்பு, புளி, கசப்பு, தேங்காயெண்ணெய், கருவாட்டுச் சாறு என்று எதையெதையோ விட்டு, அவர் நரம்பு ஒவ்வொன்றுக்கும் என்ன பதில் சொல்கிறது என்று பதிந்துகொண்டார்கள். அவர் போன பிறகு அது என் வாய்க்குள் வந்தது. அன்றிலிருந்து நான் எதைத் தின்றாலும், அவர் தின்றிருந்தால் எப்படி இருந்திருக்குமோ அப்படித்தான் எனக்கு ருசித்தது. அதில் அவர் குரல் இல்லை, முகம் இல்லை. நாக்கு மட்டும் இருந்தது. எனக்கு அது போதும் போல இருந்தது.

"இந்த அக்கா ஏன் அழுவுதாவ? காரமா?" என்று உன்ஜு கேட்டாள்.

உன்ஜுதான் நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரி. ஐம்பது வயது இருக்கும். ஊர் சுற்றிக் காட்டுவதும் அவளேதான். அவளுக்கு எப்படி நெல்லைத் தமிழ் வந்தது என்று கேட்பீர்கள். வரவில்லை. ஆளுக்கொரு மொழிபெயர்ப்பானைக் காதில் மாட்டியிருந்தோம். என்னுடையதைப் பழக்கிக் கொடுத்தவள், கூட வந்திருந்த என் நாத்தனார் முத்துச்செல்வி. தன் குரலையும் பேச்சையும் கொடுத்துப் பழக்கியிருந்தாள். அதனால் அந்தப் பயணம் முழுவதும் டாக்ஸிக்காரர், கோயில் பிக்கு, ரயிலில் அறிவிப்புச் செய்தவர் எல்லோருமே என் காதில் செல்வியாகத்தான் பேசினார்கள். செல்வி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில்கூட எனக்கு நிம்மதி இல்லை.

"காரமெல்லாம் இல்ல," என்றாள் நிஜச் செல்வி. "அவிய வாய்க்குள்ள எங்க அண்ணன் உக்காந்திருக்கான்." பிறகு தகட்டைப் பற்றி விளக்கினாள்.

உன்ஜு என் வாயையே பார்த்தாள். "அப்ப அக்காவோட நாக்கு எங்க போச்சு?"

"அதைத்தான் டாக்டரும் கேக்காரு. இதைப் போட்டுக்கிட்டே இருந்தா, சொந்த நாக்கு சொல்லுததை மூளை கேக்காமலே போயிருமாம். இப்பவே பாதி போயாச்சு. ஊருக்குத் திரும்பினதும் கழட்டியாகணும்னு சொல்லி அனுப்பியிருக்காரு."

"கழட்டி வச்சுட்டு வேணும்கும்போது போட்டுக்கலாமே."

"எங்க? வாய்ச் சூட்டுலதான் அது உயிரோட இருக்கும். வெளிய எடுத்து வச்சா ஒரே நாள்ல செத்துரும். இன்னொண்ணு செய்யணும்னா எங்க அண்ணன்தான் வரணும்."

உன்ஜு காகிதக் கோப்பையில் சூடான சாற்றை ஊற்றி என்னிடம் நீட்டினாள். "எங்க அப்பாவுக்கும் இப்படி ஒண்ணு எடுக்கணும்னு என் அண்ணன் குதிச்சான். எங்க அம்மா விடல. போறவரோட வாயை நோண்டாதீங்கன்னுட்டா."

நான் சாற்றைக் குடித்தேன். டாக்டரிடம் சரி என்று தலையாட்டிவிட்டு வந்திருந்தேன். கழற்றுவதாக இல்லை. என் நாக்கு போனால் போகட்டும், அதை வைத்துக்கொண்டு அறுபது வயதுக்கு மேல் என்ன செய்யப்போகிறேன் என்பதுதான் என் நினைப்பு. செல்விக்கு அது தெரியும். தெரிந்துதான் கூட வந்திருந்தாள்.

எங்களுக்குள் பழைய மனத்தாங்கல் ஒன்று இருந்தது. அவருடைய முதல் வருட நினைவு நாளுக்கு நான் படையல் போடவில்லை. செல்வி பூவும் பழமுமாக வந்து நின்றாள். "தினமும் என்கூடத்தான் சாப்பிடுதாரு, அவருக்கு எதுக்குத் தனியா படையல்?" என்று சொல்லிவிட்டேன். அவள் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிப் போனாள். பிறகு வெகுநாள் பேச்சில்லை. பூசான் போகிறேன் என்றதும் போன் அடித்து, "நானும் வாரேன் மதினி" என்றாள். அவ்வளவுதான்.

மனத்தாங்கலை ஊரிலேயே வைத்துவிட்டு வந்தவர்கள் போலத்தான் நாங்கள் சுற்றினோம். ஜகல்ச்சி மீன் சந்தையில் ரப்பர் ஏப்ரன் கட்டிய பெண்கள் உயிர் மீன்களைத் தொட்டியிலிருந்து அள்ளினார்கள். தப்பி ஓடிவந்த எட்டுக்கால் கணவாய் ஒன்று செல்வியின் செருப்பில் ஏறியது. "ஏலே, எங்கலே போற? உன் வீடு அங்கன இருக்கு" என்று அதை அதட்டினாள். கடைக்காரப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடலோரப் பாறை மேல் இருந்த புத்தர் கோயிலுக்குப் போனோம். அலை கோயில் சுவர்வரை வந்து அடித்தது. செல்வி திருச்செந்தூரில் நிற்பதுபோலக் கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மலைச்சரிவு முழுக்க நீலமும் மஞ்சளுமாக வீடுகள் அடுக்கியிருந்த ஓர் இடத்தில், கொரியப் பெண்களின் பழைய உடையான ஹான்பொக்கை வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு படம் எடுத்தாள்.

"எப்படி இருக்கேன் மதினி?"

"தேர் மாதிரி இருக்கே."

"வடம் பிடிக்க ஆள் வருதானான்னு பாருங்க."

போகிற இடமெல்லாம் தின்றோம். சர்க்கரையும் விதைகளும் பொதிந்த ஹோத்தொக் என்கிற அடையைத் தின்றபோது, அவருக்கு இனிப்பு என்றால் ஏன் அத்தனை ஆசை என்று புரிந்தது. அது நாக்கில் நில்லாமல் பிடரிவரை போய் இறங்கியது. எனக்கு ஒருநாளும் அப்படி இறங்கியதில்லை. சர்க்கரை நோய்க்காரர் என்று எத்தனை முறை தட்டிப் பறித்திருப்பேன்.

அந்த நாக்கு சந்தோஷத்தை மட்டும் சொல்லவில்லை. தகடு போட்ட முதல் வாரத்தில் நான் மீன் குழம்பு வைத்தேன். என் மீன் குழம்புக்குத் தெருவிலேயே பெயர் உண்டு. கல்யாண வீட்டில் என்னைக் கூப்பிட்டு வைக்கச் சொல்வார்கள். ஒரு வாய் வைத்தேன், துப்பிவிட்டேன். தாடை கூசியது, பல் புளித்தது. கல்யாணமான நாளிலிருந்து இந்தக் குழம்பை அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். செத்துப்போனவரிடம் சண்டை போடவும் முடியவில்லை. அதன் பிறகு அதை வைக்கவே இல்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

அவருடைய சூப்பையும் தேடிப் பிடித்தோம். பன்றி எலும்பை வெள்ளையாகும்வரை வேகவைத்த சாறு. கூடவே ஒரு கிண்ணம் சோறு. நான் வாழ்நாளில் பன்றி தொட்டதில்லை. அவர் நாக்குக்கு அது வீட்டுக்கு வந்து சேர்ந்தது மாதிரி இருந்தது. கண்ணாடியெல்லாம் ஆவி படர்ந்த அந்தச் சின்னக் கடையில் தலை குனிந்து, மூக்கு ஒழுக, கிண்ணத்தை வழித்துக் குடித்தேன். இருபத்துச் சொச்சம் வயதில், பாஷை தெரியாத ஊரில், குளிரில் வேலை முடித்து வந்து உட்கார்ந்திருந்த அவரை முதல்முறையாகத் தெரிந்துகொண்டேன். அன்று நான் கழற்றவே மாட்டேன் என்பது உறுதியாகிவிட்டது.

அப்போதுதான் அது நடந்தது. போன் அடிக்கிறது என்று செல்வி தன் கரண்டியைச் சோற்றில் நட்டமாகக் குத்திவிட்டுப் பையைத் துழாவினாள். கல்லாவிலிருந்த அம்மாள் பதறி ஓடி வந்தாள். கரண்டியைப் பிடுங்கி மேசைமேல் படுக்க வைத்துவிட்டு, செல்வியின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"நான் என்ன செஞ்சிட்டேன்?" என்றாள் செல்வி.

"சோத்துல கரண்டியை நட்டு வைக்கது செத்தவங்களுக்கு மட்டுந்தான் அக்கா," என்றாள் உன்ஜு. "ஜேசா அன்னைக்கு. செத்துப்போன நாளு வரும்லா, அன்னைக்குச் சாப்பாடு வைப்போம்."

"படையலா?" என்றாள் செல்வி.

அந்தச் சொல் உன்ஜுவின் காதில் என்னவாகப் போய் விழுந்ததோ, "ஆமா, ஆமா" என்று வேகமாகத் தலையாட்டினாள். "நாளைக்கு எங்க அப்பாவுக்கு இருக்கு. வாங்களேன். சாப்பாடு நிறைய மிஞ்சும்."

மறுநாள் அந்தி சாயும் நேரத்தில் உன்ஜுவின் அண்ணன் வீட்டில் இருந்தோம். நகரப் பேருந்து ஓட்டுகிறவர். இறுகிய டையோடு நின்றார். தாழ்வான மேசையில் மீன், மாவில் தோய்த்துப் பொரித்த காய், மேல்தோலைச் சீவிய ஆப்பிள், பேரிக்காய், அரிசி மது எல்லாம் வரிசையாக இருந்தன. எதிலும் மிளகாய்ப் பொடி இல்லை. சிவப்பைக் கண்டால் வந்தவர் திரும்பிப் போய்விடுவார் என்றாள் உன்ஜு. "எங்க ஊருல மிளகாய் இல்லைன்னாத்தான் திரும்பிப் போவான்" என்று செல்வி என் காதில் முணுமுணுத்தாள்.

அண்ணன் கரண்டியைச் சோற்றில் நட்டார். எல்லோரும் தரையில் விழுந்து வணங்கினார்கள். பிறகு ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். கடைசியாக வந்த அண்ணன் கதவைச் சாத்தினார். கூடத்தில் எல்லோரும் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சத்தமில்லாமல் நின்றோம்.

"நம்ம வீட்டுலயும் இப்படித்தான மதினி," என்றாள் செல்வி மெதுவாக. பிறகு உன்ஜுவிடம், "நீங்க எதுக்குச் சாத்துதிய?" என்று கேட்டாள்.

"நாம பாத்துக்கிட்டே நின்னா அவரு எப்படிச் சாப்பிடுவாரு? எங்க அப்பா ரொம்பக் கூச்சக்காரரு. வேணுங்கதைத் திம்பாரு, வேண்டாததை ஒதுக்குவாரு. அதை நாம எதுக்குப் பாக்கணும்?"

என் நாக்கு தானாகவே மேலே போய்த் தகட்டைத் தொட்டது.

கொஞ்ச நேரம் கழித்து அண்ணன் கதவருகே போய் நின்று இருமினார். உள்ளே வரப்போகிறோம் என்று அப்பாவுக்குச் சொல்வதற்காம். ஒரு நொடி பொறுத்துக் கதவைத் திறந்தார். வீட்டில் வயதானவர் குளித்துக்கொண்டிருந்தால் நாமும் அப்படித்தானே செய்வோம்.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் பல் துலக்கிக்கொண்டிருந்த செல்வியிடம் போய், "ஏளா, இன்னைக்குப் படையல் போடுவோமா?" என்றேன். வாயில் நுரையோடு அப்படியே நின்றாள். பிறகு முகம் கழுவுகிற சாக்கில் வெகுநேரம் குழாயடியில் குனிந்து நின்றாள்.

ஜகல்ச்சிக்குப் போய்க் கானாங்கெளுத்தி வாங்கினோம். உன்ஜு எங்கிருந்தோ ஒரு பெரிய தாமரை இலை கொண்டுவந்து தந்தாள். செல்வி பெட்டியைத் திறந்து மிளகாய்ப் பொடி, மல்லிப் பொடி, உப்பிட்ட புளி உருண்டை எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். விமான நிலையத்தில் இதையெல்லாம் எப்படிக் கடத்தி வந்தாள் என்று நான் கேட்கவில்லை.

"குழம்பு நீங்கதான் வைக்கணும் மதினி."

"குழம்பு வேண்டாம். மீனைப் பொரிச்சு வைப்போம்."

"உங்க மீன் குழம்பு இல்லாம எங்க அண்ணனுக்குப் படையலா?"

வேறு வழி இல்லாமல் சொன்னேன். துப்பியதையும் சொன்னேன். "அவருக்கு அது பிடிக்கவே இல்லை செல்வி. ஒருநாள்கூடப் பிடிக்கல. என்கிட்ட நடிச்சிருக்காரு."

செல்வி மீனைத் துண்டு போட்டுக்கொண்டே, தலை நிமிராமல், "எனக்குத் தெரியும்" என்றாள்.

"என்ன தெரியும்?"

"உங்க கல்யாணமான மாசமே என்கிட்டச் சொன்னான். 'புளியை அள்ளிக் கொட்டுதா செல்வி, பல்லெல்லாம் கூசுது'ன்னான். அப்ப மதினிகிட்டச் சொல்லித் தொலையேண்டான்னேன். 'அவ அந்தக் குழம்பை ஊத்திட்டு என் மூஞ்சியையே பாப்பா பாரு, அதுக்காக இன்னொரு கரண்டி வாங்கலாம்'னான். கிறுக்குப்பய."

இரண்டு வருடம் அவர் நாக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு, அவரைப் பற்றி எனக்குத் தெரியாதது இனி ஒன்றுமில்லை என்று இருந்திருக்கிறேன். அவர் அந்தக் கரண்டியை வாங்கியபோது என்ன பார்த்தார் என்பது எந்தத் தகட்டில் பதியும்?

"அப்ப என்னத்தச் செய்ய?" என்றாள் செல்வி.

"புளியைக் கரை," என்றேன்.

தங்கியிருந்த அறையிலேயே இலை போட்டோம். சோறு, குழம்பு, பொரித்த மீன், ஒரு கிண்ணம் பன்றிச் சூப், ஒரு ஹோத்தொக். ஆவுடையப்பனுக்கு முன்னால் இப்படி ஒரு இலையை யாரும் வைத்திருக்க மாட்டார்கள். செல்வி சூடம் ஏற்றினாள். நான் திரும்பி நின்று தகட்டை நெகிழ்த்தி எடுத்தேன். இரண்டு வருடத்தில் அது ஒரு நகம் மாதிரி என்னோடு ஒட்டியிருந்தது. எடுத்த இடத்தில் காற்றுப் பட்டுக் குளிர்ந்தது. அலசித் துடைத்து, சோற்றுக்குப் பக்கத்தில் இலையில் வைத்தேன். செல்வி பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தோம்.

வெளியே படிக்கட்டில் நின்றால் துறைமுகம் தெரியும். கிரேன்கள் வேலையில் இருந்தன.

"யாரு இருமணும்?" என்றாள் செல்வி. "அவிய வீட்டுல மூத்தவருல்லா இருமினாரு?"

"நான்தான் மூத்தவ."

"அப்ப இருமுங்க."

"இருக்கட்டும். மெதுவாச் சாப்பிடட்டும்."

வெயில் ஏறும்வரை நின்றோம். இனியும் நின்றால் ஆறிவிடும் என்று செல்வி சொன்ன பிறகு, கதவுப் பக்கம் போய் இருமினேன். உள்ளே உட்கார்ந்ததும் அவள் சோற்றைக் குழம்பில் பிசைந்து, உருட்டி, என் கையில் வைத்தாள். வாயில் போட்டேன். சூடு தெரிந்தது. முள் ஒன்று தட்டுப்பட்டது. வேறு எதுவும் இல்லை. நனைந்த பஞ்சை மெல்வது மாதிரி இருந்தது.

"என்ன மதினி?"

"ஒண்ணுமே தெரியல செல்வி."

அவள் தண்ணீர் கொடுத்தாள், உப்பைக் கொடுத்தாள், பச்சை மிளகாயைக் கடிக்கச் சொன்னாள். எரிந்தது. ருசிக்கவில்லை. "நான்தான் டாக்டர் சொன்னாரு, டாக்டர் சொன்னாருன்னு கழட்ட வச்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"சவத்தை விடு. நீ சொல்லியா நான் கழட்டினேன்? குழம்பு எப்படி இருக்கு, அதைச் சொல்லு."

அவள் ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். அழுகைக்கு நடுவே முகம் கோணியது. "யம்மா! எங்க அண்ணன் பாவம்."

நாங்கள் சிரித்த சிரிப்பில் உன்ஜு ஓடி வந்தாள்.

தகட்டை நான் திரும்ப மாட்டிக்கொள்ளவில்லை. மீதியிருந்த நாட்களிலும் சுற்றினோம். நான் எதையும் தின்னாமல் விடவில்லை. ஒவ்வொரு கடையிலும் செல்வி முதலில் தின்று எனக்குச் சொன்னாள். கொரியாவைப் பற்றி அவள் சொன்ன அளவுக்கு யார் சொல்லியும் நான் கேட்டதில்லை. "இது இனிப்பு, ஆனா வெல்லம் இல்ல, சும்மா வந்து எட்டிப் பாத்துட்டுப் போகுது." "இது முட்டைக்கோசை ஒரு மாசம் கோபத்துல வச்சிருந்த மாதிரி இருக்கு." "இது நமக்கு ஆகாது, ஆனா முழுங்கிரலாம்." நான் மென்றுகொண்டே அவள் முகத்தைப் பார்ப்பேன். நன்றாகத்தான் இருந்தது. வருத்தமாக இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது இருக்கவில்லை.

கடற்கரைப் பக்கம் ஒரு கிழவர் பெரிய அலுமினியச் சட்டியில் எதையோ அவித்து விற்றுக்கொண்டிருந்தார். நூறு அடிக்கு முன்னாலேயே வாடை வந்தது. எட்டிப் பார்த்த செல்வி பின்வாங்கினாள். பட்டுப்புழுக் கூட்டுக்குள் இருக்கிற புழு. பொன்டெகி என்று பெயர். "இதை நான் ருசி பாத்துச் சொல்லமாட்டேன், சொல்லிப்புட்டேன்" என்றாள். அவள் சொல்லாதது ஒன்றாவது இருக்கட்டுமே என்று ஒரு கோப்பை வாங்கினேன். குச்சியால் குத்தி ஒன்றை வாயில் போட்டேன்.

மென்றதும் நின்றுவிட்டேன். உப்பு. உப்புக்குப் பின்னால் மண் வாடை. அதற்கும் பின்னால் வறுத்த பருப்பைப்போல, நெய்யில் லேசாகக் கருகினதைப்போல ஒன்று. தேடிப் பார்த்தேன், அவர் அங்கே இல்லை. என் பழைய நாக்கையும் எனக்கு நினைவிருக்கிறது. அதுவாக இருந்தால் இந்நேரம் குடலைப் பிடுங்கியிருக்கும். இன்னொன்று போட்டேன். இன்னொன்று.

செல்வி மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்திருந்தாள். "மதினி! தெரியுதா?"

"தெரியுது."

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு செல்வி. ரொம்ப நல்லாருக்கு."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே கோப்பையைச் சந்தேகமாகப் பார்த்தாள். "எங்க அண்ணன் இதைத் தொட்டிருக்கவே மாட்டான்."

"நானும் தொட்டிருக்கமாட்டேன்."

"அப்ப யாரு மதினி திங்கது?"

வாய் நிறைய இருந்தது. காலியான கோப்பையை மறுபடி கிழவரிடம் நீட்டினேன்.